கேட்காமல் மாற்றியது

இரவு ஒன்பதரை. மலாக்கா பக்கத்து அலோர் காஜாவிலிருந்து செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண்சாலை. விளக்கு கிடையாது. அதன் கடைசி வீட்டில்தான் அங்கமுத்து தனியாக இருந்தார். தனியாகவே இறந்தார். காலையில்தான் பார்த்தார்கள்...

"ஏய், லைட்டைப் போட்டுட்டுச் சொல்லுலா," என்றாள் கதை கேட்டுக்கொண்டிருந்த ரோகினி. இருட்டில் எழுந்து போக எங்களில் யாருக்கும் தைரியமில்லை.

அங்கமுத்து, நம்மோடு படிக்கும் கலைமகளின் மாமா. அவர் மகன் தினேஷ்வரன் மலாக்காவில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். பதினாறாம் நாள் காரியத்தில் அப்பாவின் குரலிலேயே தேவாரம் ஒலிக்க வேண்டுமென்று தங்கை ஜானகி ஆசைப்பட்டாள். போன வருடம் கைப்பேசியில் பதிந்த பாட்டு ஒன்று இருந்தது. பதினொரு நிமிடம். எம்பி3 ஆக்க வேண்டும்.

அதற்கு இரண்டு வழி. ரியல் டைம் என்றால் பாட்டு ஓட ஓட மாறும். முழுவதையும் உட்கார்ந்து கேட்கலாம். ஆஃப்லைன் என்றால் சத்தமே வராது. மூன்று விநாடியில் முடிந்துவிடும்.

"கேட்டுக்கிட்டே மாத்துண்ணா. இருமல் வந்தா வெட்டிரு."

ரியல் டைமில் போட்டார். ஹெட்போனில் அப்பா பாடினார்... முடித்தார்.

பதினொரு நிமிடம் தாண்டியது. திரையில் ஓடிய எண்கள் நிற்கவில்லை. தவளைச் சத்தம். தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்... படபடவென்று, ஓட்டை சைலன்சர். கிட்டே வந்து நின்றது. அறைக்குள் அப்பா தேய்க்கும் தைலத்தின் வாசனை.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தார். அந்தக் கோப்பை அழித்தார். ஆஃப்லைனில் போட்டார். மூன்று விநாடி. சரியாகப் பதினொரு நிமிடக் கோப்பு.

"கேட்டுப் பாத்தியாண்ணா?"

"ம்... கேட்டேன்."

காரியத்தன்று கூடாரம் நிறையச் சொந்தக்காரர்கள். ஸ்பீக்கரில் அங்கமுத்து பாடி முடித்தார். ஜானகி கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்டிரைவைப் பிடுங்கினாள்.

சத்தம் நிற்கவில்லை.

தவளை. மோட்டார். படபட... நின்றது. பிறகு அப்பாவின் குரல், மூச்சு வாங்க:

"தினேசு... வந்துட்டியாப்பா? நெஞ்சு அடைக்குது. கதவு தொறந்துதான் கெடக்கு."

மோட்டார் மறுபடி கிளம்பியது. தூரமாய்ப் போனது.

ஜானகி வாசலில் நின்ற அண்ணனின் ஓட்டை சைலன்சர் மோட்டாரைப் பார்த்தாள். பிறகு அண்ணனை.

"அப்பா போன அன்னிக்கி ராத்திரி மலாக்காவுலதான் இருந்தேன்னு சொன்ன?"

ஸ்பீக்கரில் இருமல் மட்டும் கேட்டது.

"வந்தேன்," என்றார் தினேஷ்வரன். "கூப்ட்டது கேட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா விடிஞ்சிரும், காலையில வேலை இருக்குன்னு... கேக்காத மாரி திரும்பிட்டேன்."