எல்லாக் கட்டத்திலும் முப்பத்தாறு புள்ளி ஆறு

"ஹலோ… ஹலோ, ரோலண்ட்? அப்பாடா, எடுத்தியே! எங்கடா இருக்க? ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சுது, இப்ப பத்தரை. செனாய்லேருந்து குளுவாங் வர மூணரை மணி நேரமா?… எங்க?… மெர்சிங்கா? படகு ஜெட்டிகிட்டயா?… கடல் பாக்கவா. ராத்திரியெல்லாம் நின்னு வேல செஞ்சிட்டு, தூங்காம, கடல் பாக்க."

ஐலீன் சிரிக்க முயன்றாள், வரவில்லை. சாப்பாட்டு மேசைமேல் தம்பியின் நோட்டு திறந்து கிடந்தது.

"இல்ல, கோவமா பேசல… சரி, சரி. ஒன் டெம்பரேச்சர் நோட்டு இங்கதான் இருக்கு… ஆமா, தொறந்து பாத்தேன். அப்புறமா திட்டு. டாக்டர் என்ன சொன்னாரு? ஒடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு, தூங்கப் போறப்ப சூடு எறங்கணும், எந்திரிச்சா ஏறணும். ஒனக்கு வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட்டுன்னு மாத்தி மாத்தி அது கொழம்பிருச்சு, மனசும் அதோட கெட்டுப் போச்சுன்னாரு. ஒரு நாளைக்கு நாலு தடவ அளந்து எழுது, மனசு எப்படி இருக்குன்னும் எழுதுன்னாரு. நீ என்ன எழுதியிருக்க?… பதினோரு நாளும் 'ஓகே'. எல்லாக் கட்டத்துலயும் முப்பத்தாறு பாயிண்ட் ஆறு. அட அலமாக், செவுத்துக்குக்கூட காலையில ஒரு சூடு, மத்தியானம் ஒரு சூடு இருக்குடா!"

தொழிற்சாலையொன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் தரப் பரிசோதகராக இருந்தவள் அவள். அங்கே ஷிஃப்ட் தொடங்கும்போதே, அளக்காமலே, அது முடியும் நேரம்வரையிலான கட்டங்களைப் பரிசோதனைத் தாளில் நிரப்பிவிடுவார்கள். இயந்திரம் நிறுத்தப்பட்டால், இனி அளக்க எதுவும் இல்லை என்று மீதிக் கட்டங்களின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்கள்.

"ஃபேக்டரி ஷீட் மாதிரி ஒரே மூச்சுல எழுதி வெச்சிருக்க. நானும் செஞ்சவதான், அதுக்குத் திட்டல… ரோலண்ட், நான் கேக்குறது வேற. நேத்தே எழுதி வெச்சு, இன்னிக்குக் காலையோட நிறுத்தியிருக்க. அதுக்கப்புறம் கோடு போட்டிருக்க. எதுக்குடா கோடு?… ஹலோ?… ஹலோ! இருக்கியா?"

அறையிலிருந்து வந்த கணவன் ஜோனதனுக்கு அவள் நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்: மெர்சிங் ஜெட்டி, ஹேமநாதன். ரோலண்டோடு முன்பு வேலை செய்த ஹேமநாதன் இப்போது அந்த ஜெட்டியருகே மீன் விற்கிறான். ஜோனதன் தன் கைப்பேசியுடன் வாசலுக்கு ஓடினான்.

"ரோலண்ட், நேராவே கேக்குறேன். செத்துப் போயிடணும்னு நெனைக்கிறியா?… ம்… ம்… அழு, அழு. நான் போன வெக்க மாட்டேன்… எத்தன நாளா?… சொல்லிட்டியே, அது போதும். கோவம் இல்லடா, பயம்… பாரமா? யாருக்குப் பாரம்? யாரு சொன்னா?… காடிக்குள்ளதானே இருக்க? கதவத் தொறந்து எறங்கு. டிக்கெட் கவுண்டர் பக்கம், ஆளுங்க இருக்கிற எடத்துக்கு நட… பேச வேணாம், நடந்தா போதும். ஒன்கிட்ட மறைக்கல, கேளு: ஹேமநாதன் வர்றான், மாமாதான் கூப்ட்டாரு… வெக்கமா? அவன் மீன் கவிச்சியோட ஓடி வர்றான், அவனுக்கே வெக்கம் இல்ல… நட, நட… ஹலோ?… ரோலண்ட்?… யாரு? ஹேமநாதனா?"

ஐலீன் எழுந்து நின்றாள்.

"அக்காதான் பேசுறேன். அவன் எங்க?… தொடுற தூரத்துலயா?… கையப் புடிங்க தம்பி… புடிச்சாச்சா? சில்லுன்னு இருக்கா?… நடுங்குதா?… நடுங்கட்டும். காடி சாவிய வாங்கிக்குங்க. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, நாங்களும் கெளம்பிட்டோம்… என்னது?… தனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்றானா?… நம்பாதீங்க. அவன் என்ன சொன்னாலும் கைய மட்டும் விடாதீங்க… ஹலோ?… ஹலோ…"

இணைப்பு அறுந்துவிட்டிருந்தது.