மணி அடிக்காத கதவு

பேய் வீட்டுக்குக் காசு கொடுத்து வருகிறவர்கள் பேயைப் பார்த்துக் கோபப்படுவதில்லை அய்யா. வழி தெரியாமல் போனால்தான் கோபப்படுவார்கள். இது எனக்கு முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

பேகம்பூருக்கு அப்பால் மூடிக்கிடந்த, தோல் பதனிடும் ஷாப் ஒன்றைப் பிடித்து, தொண்ணூற்றொன்பதாம் வருடக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அந்தப் பேய் வீட்டை நான்தான் போட்டேன். சாக்குத் தடுப்புகள், கரி பூசிய சுவர்கள், முகத்தில் உரசும் ஆட்டுத் தோல்கள். அறைக்கு இரண்டு கதவு. ஒன்று அடுத்த அறைக்கு, மற்றொன்று முட்டுச் சுவருக்கு. உள்ளே போனவர்கள் இருட்டில் முட்டிமோதி வெளியே வந்து என்னைத் திட்டினார்கள். "பயமா இருந்துச்சுன்னா சரி. இது கண்ணக் கட்டி விட்ட மாதிரில்ல இருக்கு" என்றார் ஒருவர்.

என் சித்தப்பா மகன் ராபின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அண்ணே, பயமுறுத்தலாம்ணே, ஏமாத்தக் கூடாது. தப்பான கதவுக்குப் போனா தப்புன்னு அந்த எடத்துலயே சொல்லிரணும். சொல்லியும் போனான்னா அது அவன் பாடு."

நியாயமான பேச்சு. ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும், மிதித்தால் அமுங்கும் பலகை ஒன்று வைத்தேன். மிதித்ததும் கதவுக்கு மேல் விளக்கு எரியும். சரியான கதவுக்குப் பச்சை, தப்பான கதவுக்குச் சிவப்பு. பயம் தாங்காதவர்கள் "போதும்" என்று சத்தம் கொடுத்தால், சுவிட்ச் அறையிலிருந்து எல்லா விளக்கையும் போட்டுவிடுவேன். அதன் பிறகு யாரும் திட்டவில்லை. அலறினார்கள், சிரித்தார்கள், மறுநாளும் வந்தார்கள்.

ராபினுக்குத்தான் அது உதவவில்லை. அவன் கண்ணுக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்று. ரயில்வே வேலை கைக்கு வந்து, கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்பட்டவன். மனைவி ஏஞ்சலினிடம்கூடச் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொல்லி அழுதான். அவனுக்காகவே சிவப்பு விளக்குகளோடு காலிங் பெல்லையும் இணைத்தேன். மணி அடித்தால் தப்பு, அடிக்காவிட்டால் சரி. அவன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் பெருகியது. தாடிக்கொம்பிலிருந்தும் அய்யலூரிலிருந்தும் வந்து இறங்கியவர்கள், "ராபின் வீடு எங்கிட்டு இருக்கு?" என்று என்னிடமே கேட்டார்கள். டேப்பில் ஓடிய அலறல் அவன் குரல். வாசலில் நின்று வேடிக்கை பேசி ஆட்களை உள்ளே அனுப்புகிறவனும் அவன். சுவரும் கம்பியும் விளக்கும் என் கை வேலை. அதை யார் பார்த்தார்கள்? பழனித் தைப்பூசத்துக்கு இதேபோல் போட அவனைத்தான் கூப்பிட்டார்கள். "நீயும் வாண்ணே, ஒயரிங்குக்கு ஆள் வேணும்ல" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு பெயர் தேட வேண்டாம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வந்தவர்களே திரும்பி வந்ததால் தினமும் தடுப்புகளை நகர்த்தி வழியை மாற்றுவோம். ஒருவர் மாற்றினால் மற்றவர், வாசல் திறப்பதற்கு முன், எதுவும் கேட்காமல் நடந்து பார்க்க வேண்டும். டார்ச் எடுத்துப் போனால் அது சோதனையே இல்லை என்பது ராபினின் பிடிவாதம். அன்று மாற்றும் முறை என்னுடையது.

கடைசி அறையின் தப்பான கதவை, தோல் ஊறப்போடும் பழைய குழிக்கு நேராக வைத்தேன். மழைத் தண்ணீர் நிறைந்து ஆள் ஆழத்துக்கு மேல் கிடந்தது. ராபினுக்கு நீச்சல் தெரியாது. குழியை மூடியிருந்த பலகைகள் நனைந்திருந்தன. காயட்டும் என்று எடுத்து வைத்தேன். அந்தக் கதவின் மணி கரகரத்தது, அதையும் கழற்றினேன்.

சாயங்காலம் ராபின் உள்ளே போனான். நான் டேப்பைப் போட்டேன். செத்த நேரத்தில் அலறல் கேட்டது. டிக்கெட் மேசையில் இருந்த ஏஞ்சலின் சிரித்தாள். "டேப்பக் கொறைங்கத்தான். இவரு கத்துறதக் கேட்டுக் கேட்டு எங்காது போச்சு."

பிறகு, "போதும்ணே" என்று கேட்டது. டேப்பில் அந்தச் சொல் கிடையாது. ஏஞ்சலின் தலையைத் தூக்கினாள். "போதும்னாரா அத்தான்?"

"டேப்புதாம்மா" என்றேன். என் விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. இன்னும் இரண்டு தடவை கேட்டது. அப்புறம் டேப் மட்டும் ஓடியது. தன் புருஷன் குரலைக் கேட்டுக்கொண்டே அவள் டிக்கெட் கிழித்து அடுக்கினாள்.

மணி கரகரக்கவில்லை அய்யா. நன்றாகத்தான் அடித்தது, அதனால்தான் கழற்றினேன். பலகைகளும் நனையவில்லை. நான்தான் அவனைக் கொன்றேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சிவப்பு விளக்கை நான் அணைக்கவில்லை, அது கடைசிவரை எரிந்துகொண்டுதான் இருந்தது. பிரிட்டோவாகிய நான் ராபினை ஏமாற்றவில்லை என்று இந்த வாக்குமூலத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள்.