கடைசிப் பேச்சு எனக்கு

ஹலோ... ஹலோ, சிவசண்முகம் சாரா? முத்துராணி பேசுதேன். கடைசிப் பேச்சு எனக்கு வேணும் சார்.

...

ஆமா. அத மட்டும் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்திய. தெரியும். கேக்கேன்.

...

இல்ல சார், குறுக்க பேசாதிய. மேடையில மொத நிமிஷம் யாரும் எந்திரிச்சுக் குறுக்குக் கேள்வி கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக்குடுத்திய. இது என் மொத நிமிஷம்.

விவாதப் போட்டி அரையிறுதியில ஜெயிச்சிட்டோம்... ஆமா, ஆமா, சந்தோசந்தான். மூணு மணிக்கு இறுதிச்சுற்று. தலைப்பு குடுத்திட்டாவ. 'படிச்ச பிள்ளைக சொந்த ஊர்லதான் வேலை பாக்கணும்.' காசு சுண்டுனதுல நம்ம ஆதரவு அணி. மொதப் பேச்சும் நமக்கு, கடைசித் தொகுப்பும் நமக்கு. யாரு மொத, யாரு கடைசின்னு எழுதி ரெண்டரைக்குள்ள மேசையில குடுக்கணும். நீங்க பரீட்சை ஹால்ல நிக்கியன்னு தெரியும். சீக்கிரம் முடிச்சிருதேன்.

...

பெர்லினா? அவன் அங்கன மரத்தடியில படுத்துக் கெடக்கான். கேட்டேன். 'சார் சொன்னா சரி'ங்கான். அவனுக்கென்ன சார், எப்பவும் கடைசிப் பேச்சு அவனுக்குத்தான், பேசி முடிச்சா கைதட்டு. நான் பேசி முடிச்சா மறுப்பு. மூணு வருசமா நான் மொதல்ல ஏறித் தலைப்புக்கு வரையறை குடுக்கேன். இதுதான் அர்த்தம், இதுவரைக்குந்தான் எல்லைன்னு வேலி போடுதேன். எதிரணிக்காரன் வந்து வேலியப் பிடுங்குதான். நான் கீழ உக்காந்து பெர்லினுக்குத் துண்டுச் சீட்டு எழுதுதேன், இதச் சொல்லு, அத மறுன்னு. எனக்கு யாரு சார் எழுதிக் குடுத்தா?

...

கேளுங்க. இப்பக் கேக்கலாம், நிமிஷம் முடிஞ்சிட்டு.

... ம்.

... 'சண்டக்காரி மாதிரி இருக்கா'ன்னு என்னயச் சொன்னாவளா. சரி. யாரு சொன்னது? ... எந்த நடுவர்? ... பேரு இல்லையா. அப்ப அது ஆதாரமில்ல சார், காத்துவாக்குல வந்தது. சொன்னவுகதான் நிரூபிக்கணும். சண்டக்காரி இல்லன்னு நான் எதுக்கு நிரூபிக்கணும்?

...

அடக்கமா இருக்க மாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன்? கேட்டது கடைசிப் பேச்சு. நான் சொல்லாதத நான் சொன்னதா வச்சுக்கிட்டு அத மறுக்கிய. எதிரணி இப்பிடிச் செஞ்சா நீங்களே மார்க்கக் கொறைப்பிய.

...

பாவமா? யாரு, நானா? ... ஓ. எங்க வீட்ல மொதப் பட்டதாரி, பாவம்னுதான் என்னய அணியில சேத்தியளா. ... இல்ல, சொல்லுங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

... ஒரு நிமிஷம் இருங்க சார். ... இந்தாம்மா, பேர்ச் சீட்டு. எங்க அணிதான். ஆமா, கையெழுத்து போட்டிருக்கு, பாத்துக்கோ. ... சொல்லுங்க சார்.

...

மொத ஆளாப் போறது எனக்குப் பழகிட்டு. வீட்ல மொத ஆளு, தெருவுல மொத ஆளு. பின்னால யாராச்சும் வாராகன்னு நெனச்சுக்கிட்டேதான் நடக்கது. திரும்பிப் பாத்தா ஒருத்தரும் கிடையாது. காலேஜுலயும் என்ன, சோத்து டப்பாவத் தெறந்தா நானும் செவருந்தான். எதிரணிக்காரன் ஒருத்தன்தான் நான் சொல்லுதத ஒரு வரி விடாமக் கேக்கான், அதுவும் அறுக்கதுக்கு. ஒரே ஒரு தடவ, நான் பேசி முடிச்ச பெறவு யாரும் எந்திரிச்சு மறுக்காம இருந்தா எப்பிடி இருக்கும்னு பாக்கணும்னு இருந்திச்சு. அவ்வளவுதான்.

...

அழல. தொண்ட கட்டியிருக்கு, காலையிலிருந்து கத்துதேம்லா. ... அம்மாவா? வாரா. இன்னைக்கு நடவு, சேரன்மகாதேவியில. ரெண்டு மணிக்குக் கரையேறி, காலக் கழுவி, பஸ் பிடிச்சு, பாளையங்கோட்டைக்கு வர மூணரை ஆயிரும். ... எப்பவும் அப்பிடித்தான். மூணு வருசமா வாரா. ஒவ்வொரு தடவையும் நான் பேசி எறங்குன பெறவுதான் உள்ள வருவா. பெர்லினுக்குக் கை தட்டுவா. 'அந்தப் பையன் நல்லாப் பேசுதாம்ட்டி'ங்கா, ஊரு போய்ச் சேருத வரைக்கும். அதுல பாதி நான்...

விடுங்க சார். கடைசியில புது வாதம் கொண்டாரக் கூடாது. மார்க்குல சேராது. நீங்க சொன்னதுதான்.

...

...

இப்பத் தாரியளா?

... ஆமா, மொதல்லயே சொல்லல. சொல்லியிருந்தா குடுத்திருப்பிய, தெரியும். அதான் சொல்லல. நான் வாதம் வச்சப்ப இல்லன்னிய. அம்மா சேத்துல நிக்கான்னதும் எடுத்துக்கோங்கிய. எனக்கு அது வேண்டாம் சார்.

... மாத்த முடியாது. சீட்டு குடுத்தாச்சு. நீங்க பேசிக்கிட்டிருக்கும்போதே. ரெண்டு சீட்டு எழுதி வச்சிருந்தேன். ஒண்ணுல நான் கடைசி. இன்னொண்ணுல நான் இல்ல. மாத்து ஆளா வந்திருக்காள்லா ஃபர்ஹத், அவ மொதல்ல, பெர்லின் கடைசி. நீங்க பாவம்ன்னதும் எந்தச் சீட்டுன்னு எனக்குத் தெரிஞ்சிட்டு.

... அவ நல்லாப் பேசுவா. வரையறைத் தாள அவகிட்டயே குடுத்துட்டேன், அத வச்சு நான் என்ன செய்ய. ... கோவந்தான். இல்லன்னு சொல்லல.

... வெளிய. வாசக் கேட்டத் தாண்டிட்டேன். அது லாரிச் சத்தம். ... எங்கயும் போகல, இங்கன பஸ் நிறுத்தத்துலதான் நிப்பேன். அம்மா எறங்குனதும் 'பேசி முடிச்சிட்டியாட்டி'ம்பா. இல்லம்மா, இனிமதான்னு சொல்லி உக்கார வைக்கணும். மேடையில உள்ள அதே ஏழு நிமிஷம். மணியடிக்க ஆளு வேண்டாம்.

...

சார், கடைசி நிமிஷத்துலயும் குறுக்க கேக்கக் கூடாது. வைக்கேன்.