ஒரு பைக்கெற் ஈஸ்ட் காணாது

பெரியப்பா வெறியிலை ஒண்டு சொல்லுவார் தம்பி, நினைவிருக்கே? கள்ளையும் சம்பந்தியையும்... அவசரப்படுத்தக்கூடாதெண்டோ, காக்க வைக்கக்கூடாதெண்டோ. உனக்கும் மறந்து போச்சோ? சரி விடு. கார்ட்டை உந்த மேசையிலை வை, ஈரமில்லாத பக்கமா. என்ரை மகள் ஜதுவின்ரை கலியாணக் கார்ட்டை என்ரை தம்பி கொண்டந்து எனக்குத் தாறான். நல்ல முறைதான்.

வாறனோ இல்லையோ எண்டு பேந்து சொல்றன். பொறு, அடுப்பை நிப்பாட்டுவம், பொங்கி வழியப்போகுது.

உது மோல்ட் மாவும் தண்ணியும், முளைவிட்ட பார்லியிலை எடுக்கிற மா. ஆறினாப் பிறகுதான் ஈஸ்ட் போடவேணும், சூட்டிலை போட்டாச் செத்துப்போகும். சீ, உது பியர் இல்லை. ஈஸ்டைப் பெருக்கிறதுக்கு. இடைக்கிடை குலுக்கி விட்டுப் பெருக்கி, அடியிலை படியிறதை எடுத்து, இன்னும் பெரிய போத்திலிலை திரும்பவும் பெருக்கவேணும். ஓமடா, சாதாரண பியருக்கு ஒரு பைக்கெற் காணும்தான். நான் போடப்போற பியர் கடும் சாமான். ஒக்டோபரிலை கலியாணம், இப்ப போட்டாத்தான் பதமா வரும். மாப்பிள்ளை வீட்டார் ஒரு கிளாசோட சட்டனிலை இருக்கிற தங்கடை வீட்டுக்கு எந்த பஸ் எண்டு மறந்து போவினம்.

போனமுறை ஒரு பைக்கெற்றோட விட்டனான். முதல் நாள் என்ன கொதி, என்ன நுரை! பாதி வழியிலை நிண்டு போச்சு. ஈஸ்டுக்குத் தான் ஆக்கின வெறியே நஞ்சு, கொஞ்சமா இருந்தாத் தாங்கேலாது. இருமல் மருந்து மாதிரி ஒரு இனிப்பு. நீதானே குடிச்சிட்டு, அண்ணை இதைப் பாணுக்குப் பூசலாம் எண்டனி.

சிரி, சிரி. நானும் அப்பிடித்தானே யாழ்ப்பாணம் திரும்பிப் போனனான். தனி ஆளா, கோழிப்பண்ணை போடுறனெண்டு. தாயும் பிள்ளையும் பிறகு வருவினம் எண்டு நினைச்சன். வரேல்லை. நான் இஞ்ச திரும்பி வரேக்குள்ளை வீட்டுப் பூட்டு மாத்தியாச்சு.

சரி, ஐயர் என்ன சொன்னவர்? தாரை வாக்கிறதுக்குச் சோடியா நிக்கவேணுமாம், என்ன? பிரிஞ்ச தேப்பன் தனிய நிண்டா வடிவில்லையாம். அதாலை நீயும் உன்ரை மனிசி தயாளினியும். பட்டு வேட்டி எடுத்தாச்சோ? பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக் குடுக்கேக்குள்ளை நடுங்காதை, வீடியோவிலை விழும்.

கோவமெண்டா உனக்குத் தேத்தண்ணி போட்டிருப்பனோ? குடி. இந்தா, முந்தநாள் ஈஸ்ட் பெருக்கப் போட்ட இந்தப் போத்திலை ஒருக்கா மெல்லமாக் குலுக்கு. ஐயோ, மூடியை இறுக்காதை, அதுக்கு மூச்சு வேணும்.

என்ன சொன்னனி? ஜது அழுதவளோ?

ஓம். எனக்கும் போன ஞாயிறு போன் எடுத்தவள். ஐயரோடை தான் சண்டை பிடிச்சிட்டாளாம், அப்பா தனிய நிண்டு குடுக்கலாமாம். தாயும் ஓமெண்டிட்டாவாம். உனக்கு உதைச் சொல்லேல்லையோ?

நான்தான் ஏலாதெண்டிட்டன், விட்டிட்டுப் போனவன் நான்தானே. சித்தப்பா குடுக்கட்டும் எண்டு சொன்னன்.

பியரை நீ வந்து வானிலை ஏத்திக்கொண்டு போ. கலியாணத்தண்டைக்கு நான் வேலையிலை ஷிப்ட் கேட்டு எடுத்திட்டன்.