பூட்டுக்கடைக்குப் போட்ட பூட்டு

என் பெயரும் முகவரியும் புகார் மனுவிலேயே இருக்கின்றன. தெருவில் பூட்டுக்கடைக்காரர் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வயது ஐம்பத்தெட்டு. சைக்கிளில் தாழ்ப்பாள் விற்று ஆரம்பித்து, இருபத்திரண்டு வருடமாக ஒரே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாடகைக்குக் கடை நடத்தி வருகிறேன். வாடகையைக் கட்டட உரிமையாளரின் வங்கிக் கணக்கில் செலுத்தி வந்தேன், ரசீதுகள் உள்ளன. அவர் நான்கு மாதங்களுக்கு முன் இறந்துபோனார். அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு வெளியூரில் இருக்கிறார். காவல் நிலையத்தில் என்மேல் புகார் கொடுத்திருப்பவர் மகன்.

அதன் பின்பு, போன வெள்ளிக்கிழமை மாலை மகன் என் கடைக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். அப்பாவின் கணக்கில் உள்ள பணத்தை வங்கி தர மறுப்பதாகவும், இறந்தவருக்கு ஒரே வாரிசு இவர்தான் என்று குடும்பத்தை நெடுநாள் அறிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்.

"ஒரு கையெழுத்துதான் அண்ணே. போட்டுட்டா கடை உங்களுக்குத்தான். வாடகையைக்கூட ஏத்த மாட்டேன்."

என் கடையின் பெயர்ப்பலகையை எழுதிக் கொடுத்ததே அந்த மகள்தான். அப்போது பள்ளிக்கூட மாணவி. ஏணியில் நின்று எழுதினார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆகவே சொன்னேன்: "தம்பி, உங்க அக்கா எழுதின போர்டுக்குக் கீழ நின்னுக்கிட்டு, அக்காவே இல்லன்னு எழுதச் சொல்றீங்களே."

என்னிடம் எழுத்துப்பூர்வமான வாடகை ஒப்பந்தம் இல்லை, திங்கட்கிழமை என்னைத் தெருவில் நிறுத்துவதாக அவர் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பின்பு, திங்கள் காலை எட்டரை மணிக்குப் போனபோது ஷட்டரில் என் பூட்டுகளுக்கு மேல் இன்னொரு பூட்டு தொங்கியது. பார்த்ததும் தெரிந்தது, என் சரக்கு. சனிக்கிழமை மகனிடம் வேலை செய்யும் தச்சர் வந்து வாங்கிப் போனது. பேரம் வேறு பேசினார். ஊரில் எத்தனையோ கடை இருக்க, பூட்டுக்கடையைப் பூட்ட அந்தக் கடையிலேயே பூட்டு வாங்கியவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதன் பின்பு நான் நேராகச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த வக்கீலம்மா ரசீதுகளைப் பார்த்துவிட்டு, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் என்னை வெளியேற்ற முடியாது என்றும், ரசீதுகளே போதிய ஆதாரம் என்றும் சொன்னார். கணக்கு விஷயத்தில் மகளே வங்கிக்கு ஆட்சேபனைக் கடிதம் கொடுக்கலாம் என்று சொல்லி, என் போனிலிருந்தே அவரிடம் பேசினார். கடைசியில் என்னிடம், "பூட்டை மட்டும் உடைச்சிடாதீங்க ஐயா, உங்க நியாயம் அடிபட்டுப் போயிடும்" என்றார்.

நான் உடைக்கவில்லை. மலிவு விலைப் பூட்டில் ஒரு பெட்டிக்கு இரண்டு பூட்டாவது ஒரே சாவியில் திறக்கும்படி வந்துவிடும். வியாபாரிகளுக்குத் தெரியும், சொல்ல மாட்டார்கள். தச்சர் வாங்கிய பூட்டுக்கு அப்படி வந்த ஜோடியைப் பக்கத்து சலூன்காரர் முன்பே வாங்கியிருந்தார். அவர் சாவியைக் கேட்டு வாங்கி, பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்கத் திறந்தேன். பூட்டு இப்போது நிலையத்தில் இந்த மேஜைமேல் இருக்கிறது, ஒரு கீறல் கிடையாது. இதைச் சொன்னால் நாளைக்கு யார் என்னிடம் பூட்டு வாங்குவார்கள் என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் எழுத்தர் கேட்டார். நஷ்டம் என்னுடையது, எழுதுங்கள் என்றேன்.

அதன் பின்பு, நான் பூட்டை உடைத்ததாகப் புகார் கொடுத்த மகன், நிலையத்தில் வைத்தே, அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். வாபஸ் வேண்டாம், வழக்கு நடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை மகள் வருகிறார். வாரிசு இரண்டு பேர் என்று எந்த மேஜையில் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். அதுவரை கடை வழக்கம்போல ஒன்பது மணிக்குத் திறக்கும்.

மேலே உள்ளது முழுவதும் நான் சொல்லி எழுதப்பட்டது. படித்துக் காட்டப்பட்டது, சரியாக உள்ளது. யார் மிரட்டலுக்கும் பயந்து நான் இதைச் சொல்லவில்லை. மிரட்டியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

(ஒப்பம்)
பூட்டுக்கடைக்காரர்