எங்க மண்ணு வாயு விடாது

இல்ல இஞ்சினியர் சார், மெஷினைத் தட்டாதீங்க, அது நல்லாத்தான் இருக்கு. மண்ணு மேல இருந்து ஊசியில இழுத்த காத்துல வாயு ஒண்ணும் இல்லன்னா, இல்லன்னுதான் அர்த்தம். சந்தோஷமா எழுதிக்கங்க. காபி ஆறுது பாருங்க, குடிங்க. எங்க காபி விவசாயிங்க சங்கத்துல கொட்டை வறுக்கிறது நான்தான். யோர்லெனி வறுத்ததுன்னா தலைநகர் சான் ஹொசேல கேட்டு வாங்குவாங்க.

போன வருஷமும் நீங்கதானே வந்தீங்க? இதே காபிச் செடியடியில வளையம் பதிச்சு, இதே வெள்ளை டப்பாவைக் கவுத்து வெச்சீங்க. நாங்க அப்பத்தான் யூரியாவை அள்ளி வீசியிருந்தோம், மழை வேற. மண்ணுல இருக்கிற நுண்ணுயிருங்க அதைத் தின்னுட்டு, பூமியைச் சூடாக்குற வாயுவை விடுதுன்னு சொல்லி, பூமிக்குக் கெடுதல் இல்லாத காபின்னு குத்துற பச்சை முத்திரையைப் பிடுங்கிட்டுப் போயிட்டீங்க. வாயு விட்டது அதுங்க, தண்டனை எங்களுக்கு. என்ன நியாயம் சார் இது? முத்திரை இல்லாத மூட்டையைத் தொட மாட்டேன்னுட்டான் ஜெர்மனிக்காரன். இந்த வருஷமும் கிடைக்கலன்னா சங்கத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

யூரியாவைக் குறைச்சோமாவா? அதெப்படி, விளைச்சல் போயிடுமே. எங்க தலைவர் எலாடியோ கூட்டம் போட்டார். பாதிரியாரைக் கூப்பிட்டு மண்ணுக்குத் தீர்த்தம் தெளிக்கலாம்னாங்க. தெளிச்சோம். அப்புறம் எலாடியோவே, நான் பாத்துக்கறேன்னுட்டார்.

என்னது, காட்டு மண்ணுல கூட கொஞ்சமாவது வாயு வருமா? அப்ப காட்டை விட நாங்க சுத்தம்னு போட்டுக்கங்க. எங்க நுண்ணுயிருங்க ஒழுக்கமானதுங்க சார், தீர்த்தம் பட்டதுங்க.

ஐயோ, எதுக்கு மண்ணைப் பையில அள்ளுறீங்க? பல்கலைக்கழகத்துக்கா? இந்த அதிசய நுண்ணுயிரை வளத்து கோஸ்டா ரிக்கா பூரா குடுக்கப் போறீங்களா? வேணாம் சார், பாவம், வீண் அலைச்சல். அதுல தேடுறதுக்கு ஒண்ணும் இல்ல.

காபி எப்படி இருக்கு? மண்வாசனை தூக்கலா இருக்கா? இருக்கும், இருக்கும். நீங்க பதிச்சு விட்டுட்டுப் போன வளையத்துக்குள்ள இருந்த மண்ணை மட்டும் தோண்டி எடுத்து, நேத்து காபிக்கொட்டை வறுக்கிற அதே உருளையிலதான் வறுத்து, திரும்பக் கொட்டினேன். உசிர் இருந்தாத்தானே வாயு விடும், நல்லா கறுக வறுன்னார் எலாடியோ. அப்புறம் உருளையைக் கழுவ நேரமில்ல.

ஏன் கீழ வெச்சிட்டீங்க? தைரியமா குடிங்க சார். அதுல ஒரு கிருமி உசிரோட இருக்காது.