இனிஷியலை விரிக்காதீங்க சார்

பி. நவநீதன்னு மட்டும் போடுங்க சார். இல்லைங்க, அந்த பி-ய விரிச்சு எழுதாதீங்க. அப்பா பேருக்குத்தான் கீழ தனியா எடம் இருக்குல்ல, அங்க எழுதிக்கங்க. பிச்சமுத்து. என் பேரோட ஒட்டி மட்டும் எழுதிராதீங்க, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். அந்த இனிஷியல விரிச்சதுலதான் இவ்வளவும் ஆச்சு.

வயசு இருபத்தஞ்சு. ஸ்ரீரங்கம், மேலூர் ரோட்டுலேருந்து உள்ள போற சந்து. பி.இ. மெக்கானிக்கல். ஆமா சார், படிச்சவன்தான். படிச்சவன் பண்ற வேலையாடான்னு இன்ஸ்பெக்டரும் கேட்டாரு. படிக்காம இருந்திருந்தா இந்த வேலையே வந்திருக்காதுன்னு சொல்ல வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

உதடா? அது பஸ் ஸ்டாண்டுல ஜனங்க அடிச்சது. ஜீப் வரலன்னா அங்கயே கதைய முடிச்சிருப்பாங்க. வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. காதுலதான் ஙொய்ங்னு ஒரு சத்தம் நிக்கவே மாட்டேங்குது. அந்த அழகிரி கண்ணு முழிச்சிட்டானா சார்? இன்னும் இல்லையா. சரி. வக்கீல் நிஜாமுதீன் சார் சொல்லிட்டுப் போனாரு, அவன் பொழச்சா ஒரு கேசு, பொழைக்கலன்னா வேற கேசு, அதனால வாயத் தொறக்கறப்ப யோசிச்சுத் தொறன்னாரு.

மொதல்லேருந்தா? மொதல்னா காலேஜ்தான். படிப்புக் கடன் மூணு லட்சத்து எம்பதாயிரம். அப்பாவும் கூட கையெழுத்துப் போட்டாரு. அவருக்கு வாழை இலை யாவாரம். முசிறிலேருந்து கட்டு வரும், இவரு சைக்கிள்ல வச்சுக் கல்யாண மண்டபத்துக்கெல்லாம் கொண்டு போய்ப் போடுவாரு. கடைசி வருசம் ஒரு சென்னைக் கம்பெனி எனக்கு ஆஃபர் லெட்டர் குடுத்துச்சு. அப்பா அத லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டாரு. என்னைக்கு ஜாயின் பண்ணணும்னு அப்புறம் சொல்றோம்னாங்க. பதினாலு மாசம் அதையே சொன்னாங்க. அப்புறம் போன எடுக்க ஆளே இல்ல.

அந்த லெட்டரால உருப்படியா நடந்தது ஒண்ணே ஒண்ணுதான் சார், கிரெடிட் கார்டு கெடச்சுது. கடைவீதியில கொடைக்குக் கீழ உக்காந்துகிட்டு, வாங்குனா பேக் ஃப்ரீம்பாங்கல்ல, அங்கதான். ஃபார்ம்ல ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு இருந்துச்சு. நமக்கு ஏது சார் லாஸ்ட் நேம்? இனிஷியல்தான் இருக்குன்னேன். அந்தப் பொண்ணு, ஒத்த எழுத்து போட்டா ஃபார்ம் போகாது, விரிச்சுப் போடுங்கன்னுச்சு. விரிச்சேன். கார்டு வந்துச்சு, நவநீதன் பிச்சமுத்துன்னு.

ஊதாரித்தனமெல்லாம் பண்ணல சார். பேங்க்லேருந்து அப்பாவுக்குப் போன் வரக்கூடாது, அதுதான் எனக்கு. ஒரு மொபைல் கடையில கார்டைத் தேச்சுட்டுக் காசாக் குடுப்பாங்க, நூத்துக்கு மூணு ரூபா கமிஷன். அத வாங்கிப் படிப்புக் கடனக் கட்டினேன். கார்டுக்கு மினிமம் மட்டும் கட்டினேன். அம்பதாயிரம் ஒரு லட்சமாச்சு. மூச்சு விடறதுக்குள்ள ஒண்ணு நாப்பது.

வேலைக்குப் போகாமலா? அரியமங்கலத்துல ஒரு பட்டறையில சூப்பர்வைசர்னு சேர்ந்தேன். பதினோராயிரம். பேருதான் சூப்பர்வைசர், சாயங்காலம் இரும்புப் பொடிய நான்தான் கூட்டணும். இண்டர்வியூவுக்கு ரெண்டு தடவ லீவு கேட்டேன், மூணாவது தடவ மொத்தமா எடுத்துக்கன்னுட்டாரு ஓனரு. அப்புறம் வீடு வீடா சாப்பாட்டுப் பார்சல் கொண்டு போனேன். என் கூடப் படிச்சவன் வீட்டுக்கே பிரியாணி கொண்டு போய்க் குடுத்திருக்கேன் சார். பத்து ரூபா டிப்ஸ் குடுத்தான். வாங்கிக்கிட்டேன்.

கார்டு பாக்கி கேட்டு போன் பண்றவங்க கேப்பாங்க, மிஸ்டர் பிச்சமுத்துவான்னு. எங்கயோ வடக்க உக்காந்திருக்கவனுக்கு லாஸ்ட் நேம்தான பேரு. மொதல்ல சிரிப்பா வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் சும்மா சொல்லிப் பாத்தேன், அவரு எங்கப்பாங்க, மார்க்கெட்டுக்குப் போயிருக்காரு, அவருகிட்ட போன் கெடையாதுன்னு. டக்குன்னு வச்சுட்டான். அவ்வளவு சுலபமா இருந்துச்சு. எட்டு மாசம் அதையே சொன்னேன் சார். எப்ப வருவாருன்னு கேட்டா காலையில பதினோரு மணிக்கு மேல வீட்லதான் இருப்பாருன்னு ஒரு தடவ சொல்லித் தொலச்சேன். சும்மா வாய்க்கு வந்தத. அந்த நேரத்துல அவரு நெஜமாவே வீட்லதான் இருப்பாரு.

தண்ணி கொஞ்சம் குடிச்சுக்கறேன் சார்.

நேத்து பதினோரு மணிக்கு அந்த அழகிரி கார்டு பாக்கி வசூலுக்கு வந்தான். ஒத்த ஆளு. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்துச்சு. அப்பா வாசல்ல உக்காந்து கிழிஞ்ச இலையெல்லாம் தனியாப் பிரிச்சுகிட்டு இருந்தாரு. பிச்சமுத்து யாருன்னான். நான்தாங்கன்னு எந்திரிச்சாரு. கார்டு வாங்கித் தின்னுட்டு எட்டு மாசமா பையன விட்டுப் பொய் சொல்றியான்னான். எந்தக் கார்டுங்க, ரேஷன் கார்டான்னு கேட்டாரு சார் அவரு. நெஜமாவே தெரியாமத்தான் கேட்டாரு. நக்கல் பண்றாருன்னு நெனச்சு விட்டான் ஒரு அறை. கண்ணாடி பறந்து சாக்கடையில விழுந்துச்சு.

அப்புறம் பேப்பர மூஞ்சிக்கு நேரா நீட்டினான். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா நம்பர் தெரியும்ல. அதுல என் செல் நம்பர் இருந்துச்சு. கண்ணச் சுருக்கி ஒவ்வொரு நம்பரா வெரல வச்சுப் படிச்சாரு. படிச்சுட்டு, ஆமாங்க, நான்தான் வாங்கினேன், மறந்துட்டேன்னாரு.

இல்லன்னு சொன்னப்ப ஒரு அறையோட நின்னுச்சு சார். ஆமான்னு சொன்னதுக்கு அப்புறம்தான் அடியே. வயித்துல ஓங்கி ஒரு மிதி. சுருண்டு விழுந்தாரு. முடியப் புடிச்சுத் தூக்கி கம்பிக் கதவுல மோதினான், மூணு தடவ. பல்லு ஒண்ணு தெறிச்சு இலைக்கட்டு மேல விழுந்துச்சு. பச்ச இலை மேல அப்படியே வெள்ளையா. அப்புறம் கை. இந்தக் கைதான தேச்சுதுன்னு சொல்லிச் சொல்லி ஷூக்காலால வலது கைய மிதிச்சான். ரெண்டு வெரலு ஒடிஞ்ச சத்தம் நல்லாக் கேட்டுச்சு. அவரு கத்தவே இல்ல சார். சாயங்காலத்துக்குள்ள பணத்தோட வரேங்கன்னாரு, பல்லு போன வாயால.

நேர்ல பாத்த மாதிரி சொல்றேனா? எதிர்வீட்டு மணிமேகலை அக்கா சொன்னாங்க சார். அவங்களும் கொஞ்சம் பிந்தித்தான் வந்தாங்க. மிச்சத்த அப்பா ஆஸ்பத்திரியில சொன்னாரு. எழுதிக்கங்க, அப்படியே எழுதிக்கங்க.

அழகிரி ஒரு சீட்டுல அவன் நம்பர எழுதிப் போட்டுட்டுப் போயிருந்தான். நான் போன் பண்ணேன். பிச்சமுத்து பையன் பேசறேன், பணம் ரெடி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்கன்னேன். மூணு மணிக்கு வந்தான். நான் யாரோன்னு நெனச்சிருந்தேன் சார், கழுத்துல செயின், கடா மீசைன்னு. என் வயசுதான். என்னவிட ஒல்லி. டீ சொன்னான், காசும் அவனே குடுத்தான். உங்கப்பா நல்ல மனுசன் தம்பி, மொதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா கை வச்சிருக்க மாட்டேன்னான். என்ன படிச்சிருக்கன்னான். சொன்னேன். அட, நானும் மெக்கானிக்கல்தாண்டா, எனக்கும் படிப்புக் கடன் அப்படியே நிக்குதுன்னு தோள்ல கையப் போட்டான். அப்புறம் சொன்னான், எங்க ஆபீசுல ஆள் எடுக்கறாங்க, பதினெட்டாயிரம், பெட்ரோல் தனி, நாளைக்கே வா, நான் சொல்லி விடறேன்னு.

பட்டறைய விட்டதுலேருந்து எனக்கு வேலை இருக்குன்னு சொன்ன ஒரே ஆளு சார் அவன். சத்தியமா சொல்றேன், ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு. பெட்ரோல் தனியான்னு நான் திருப்பிக் கேட்டேன். கேட்டது என் காதுலயே விழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் பெஞ்சு மேல இருந்த அவன் ஹெல்மெட்ட எடுத்தேன்.

எத்தன அடின்னு எண்ணல. மொத அடி காதுகிட்ட. டீ கிளாசோட சாஞ்சான். மூக்கு ஒடஞ்சுது. கையெடுத்துக் கும்பிட்டான், அந்தக் கை மேலயே அடிச்சேன். ஹெல்மெட் ஓடு பிளந்து கையோட வந்துருச்சு, மிச்சத்தால அடிச்சேன். பிச்சமுத்து நான்தாண்டா, நான்தாண்டா பிச்சமுத்துன்னு கத்துனேனாம். டீக்கடைக்காரரு சொன்னாரு. அவனுக்கு அது கேட்டுச்சான்னு தெரியல.

படிச்சுக் காட்டறீங்களா? சரி சார்.

ம். ம். நிறுத்துங்க. அந்த எடம். தில்லை நகருக்கு இண்டர்வியூவுக்குப் போயிட்டு ஒரு மணிக்கு வீட்டுக்குத் திரும்பி, ரத்த வெள்ளத்தில் கிடந்த தந்தையைக் கண்ட அதிர்ச்சியில்னு இருக்குல்ல. ஆமா, வக்கீல் சார் சொல்லச் சொன்னது அதுதான். அது இருந்தாத்தான் ஜாமீன் நிக்கும்னாரு. அப்பாவும் அதையேதான் சொல்லியிருக்காருங்களா? சொல்லுவாரு.

அந்த வரிய மட்டும் அடிச்சிருங்க சார். நான் எங்கயும் போகல. ராத்திரி பார்சல் ஓட்டிட்டு வந்து உள்ரூம்ல படுத்திருந்தேன். பிச்சமுத்து யாருன்னு கேட்டப்பவே முழிச்சுட்டேன். முழிச்சு எந்திரிச்சுப் போயி தாப்பாள் போட்டேன். கதவுல ஒரு இடுக்கு இருக்கு, எல்லாம் தெரியும். மணிமேகலை அக்கா ஒண்ணும் பாக்கல. நம்பரப் படிச்சுட்டு அப்பா ஒரு தடவ உள்ரூம் கதவத் திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு, என் பையன் தில்லை நகருக்கு இண்டர்வியூவுக்குப் போயிருக்கான், வீட்ல யாரும் இல்லன்னு நல்லா சத்தமாச் சொன்னாரு. அழகிரி பக்கத்துலதான் நின்னான், அவனுக்கு எதுக்கு சார் அவ்வளவு சத்தம்?

அப்பாகிட்ட திரும்பக் கேட்டா மாத்திச் சொல்ல மாட்டாரு. அவர நம்பாதீங்க.